தலைப்புப் பக்கம் இல்லாத பள்ளி அட்லஸ், கீல் வைத்த சின்ன உலக உருண்டை: எந்த வருஷத்தது, யார் செய்தது?

மழைக்காகிதம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம் இருக்கிறேன். போன சனிக்கிழமை ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். அங்கே ஒரு அட்டைப்பெட்டியை 60 டாலருக்கு வாங்கினேன். மேலே இருந்த தையல் சாமான்களுக்காகத்தான் எடுத்தேன். அடியில் இரண்டு பொருள்கள் கிடந்தன. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒன்று, ஒரு பள்ளி அட்லஸ். முன்னட்டையும் தலைப்புப் பக்கமும் கிழிந்து போய்விட்டன. ஒரு வரைபடத்தின் தலைப்பில் ‘ஐக்கிய மாநிலங்களும் டெக்சாஸும்’ என்று இருக்கிறது. டெக்சாஸுக்குத் தனி நிறம், தனி எல்லை. அயோவா ‘டெரிட்டரி’ (இன்னும் மாநிலமாகாத பகுதி) என்று போட்டிருக்கிறது, புளோரிடாவும் அப்படியே. அடியில் பொடி எழுத்தில் 1839, எஸ். அகஸ்டஸ் மிட்செல், பென்சில்வேனியா கிழக்கு மாவட்ட நீதிமன்றம் என்றெல்லாம் ஒரு வரி ஓடுகிறது.

இன்னொன்று, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய உலக உருண்டை. குறுக்களவு 3 அங்குலம். நடுவில் கீல் இருக்கிறது. திறந்தால் இரண்டு பாதியாக விரிகிறது, உள்ளே தட்டையான பக்கத்திலும் வரைபடம் ஒட்டியிருக்கிறது. வெளியே பழுப்பேறி, கடல் எல்லாம் தேன் நிறத்தில் இருக்கிறது. பெயர் எதுவும் தெளிவாகப் படிக்க முடியவில்லை.

என் சந்தேகங்கள்: அட்லஸ் 1839-இல் அச்சடித்ததுதானா? காகிதம் இவ்வளவு வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதே, பிற்காலத்து நகலாக இருக்குமோ? என் மாமியார் வைத்திருக்கும் 1890களின் பாடப்புத்தகம் தொட்டாலே பொடிகிறது, அதனால் கேட்கிறேன். உருண்டையைச் செய்தது யார்? அதை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து தெரியுமா?

ஏரிக்கரை

அட்லஸில் அட்டையும் தலைப்பும் போய்விட்டது என்றால் புத்தகமாக அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. வரைபடங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சட்டம் போட்டு மாட்டலாம். டெக்சாஸ் வரைபடத்தை மட்டும் விற்றாலே போட்ட பணம் வந்துவிடும்.

செப்புத்தகடு

மழைக்காகிதம், முதலில் ஒரு வேண்டுகோள். உருண்டைமேல் தண்ணீர் படவே கூடாது. அட்லஸைப் பிரிக்கவும் வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு களஞ்சிய விற்பனையில் 6 அங்குல ஜோஸ்லின் உருண்டை ஒன்றை வாங்கினேன். கில்மன் ஜோஸ்லின் என்பவர் 1830களின் கடைசியிலிருந்து பாஸ்டனில் உருண்டை செய்தவர். நான் வாங்கியதும் உங்களுடையது போலத் தேன் நிறம்தான். பஞ்சை லேசாக நனைத்து, பசிபிக் கடலில் ஒரு மூலையை மட்டும் துடைத்துப் பார்த்தேன். முதலில் அழகாக வெளுத்தது. அப்புறம் பஞ்சைப் பார்த்தால் கறுப்பாக இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அது மை. சாண்ட்விச் தீவுகள் (இன்றைய ஹவாய்) என்று எழுதியிருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்றும் இல்லை.

காரணம் இதுதான். உருண்டையின் மேல்தோல் ஒரே காகிதம் இல்லை. ஆரஞ்சுச் சுளை மாதிரி இரு முனையும் கூம்பிய காகிதத் துண்டுகளை, பெரும்பாலும் பன்னிரண்டை, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரு துருவத்திலும் வட்டமாக ஒரு சின்ன வில்லையை வைப்பார்கள். நடுத்தர, பெரிய உருண்டைகளில் காகிதத்துக்கு அடியில் மெல்லிய சுண்ணப்பூச்சு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ். அந்த வார்னிஷில் வயசான பிறகு கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்துவிடும். தண்ணீர் அதன் வழியே உள்ளே போய்ப் பசையை இளக்கும், சுண்ணத்தை ஊறவைக்கும், கையால் தீட்டிய நிறத்தையும் கரைக்கும். தேன் நிறம் என்பது முதிர்ந்த வார்னிஷ். அதை எடுக்கக் காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது மட்டும்தான். எழுத்தைப் படிக்க வேண்டுமானால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். பாதி எழுத்து அதிலேயே தெரிந்துவிடும்.

கீல் வைத்த உருண்டை என்றதுமே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. அது ஹோல்ப்ரூக் வகை. கனெக்டிகட்டில் வெதர்ஸ்ஃபீல்டில் அவர்கள் குடும்பப் பெயரில் பள்ளிக் கருவிகள் செய்யும் நிறுவனம் இருந்தது. 1850களில் இந்த 3 அங்குல உருண்டை அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் போனது. இதில் உங்களுக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஜோசையா ஹோல்ப்ரூக், 1826-இல் உங்கள் வூஸ்டருக்குப் பக்கத்து ஊரான மில்பரியில்தான் முதல் லைசியத்தைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் கூடி, ஒருவர் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சங்கம் அது. சில வருஷங்களில் அமெரிக்காவின் பல ஊர்களுக்கும் பரவிவிட்டது. உங்கள் பெட்டியில் இருந்த உருண்டை அந்த எண்ணத்தில் பிறந்த பொருள். ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இத்தனை காலம் தங்கி, அந்த யோசனை தொடங்கிய ஊருக்குப் பக்கத்திலேயே உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

அந்தக் கீல் எதற்கு என்று ஒரு முறை செய்து பாருங்கள். உருண்டையை மூடி, ஆப்பிரிக்காவின் மேல் விரலை வையுங்கள். அப்புறம் திறந்து உள்பக்கத் தட்டையில் அதே ஆப்பிரிக்காவைத் தேடுங்கள். உருண்டையான உலகம் புத்தகத்தில் இரண்டு வட்டமாக எப்படி ஆகிறது என்பது ஒரு குழந்தைக்கு ஒரு சொல்லும் இல்லாமல் புரிந்துவிடும். எத்தனையோ பாடக்கருவிகளைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சிக்கனமாகப் பேசும் ஒன்றைப் பார்த்ததில்லை.

இனி அட்லஸ். மிட்செல் 1792-இல் பிறந்தவர். முதலில் ஆசிரியராக இருந்தார். கையில் கிடைத்த பூகோளப் புத்தகங்கள் சரியில்லை என்று தோன்றியதால் பிலடெல்பியாவில் தானே வெளியிடத் தொடங்கினார். அவருடைய பள்ளிப் புத்தகமும் அதனுடன் சேர்ந்த அட்லஸும் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தவை.

1839 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பதிப்புரிமைக்குப் பதிவு செய்த வருஷம். வரைபடம் செதுக்கிய அச்சுத் தகடு ஒரு முறை பதிவானால் அதே வரியோடு வருஷக்கணக்கில் அச்சாகும். ஆனால் அந்த வரியில் வேறொரு சேதி இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் என்று போட்டிருக்கிறது, இல்லையா? 1870-இல் சட்டம் மாறியது. அதற்குப் பிறகு பதிவானவற்றில் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகரின் அலுவலகம் என்று இருக்கும். தலைப்பே இல்லாத பழைய புத்தகத்தை இந்த ஒரு வரியை வைத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துவிடலாம்.

அச்சான வருஷத்தை வரைபடத்திடமே கேட்க வேண்டும். கேட்பதற்கு நான் வைத்திருக்கும் விதி: இருப்பது முழுச் சாட்சி, இல்லாதது பாதிச் சாட்சி. அயோவா டெரிட்டரி 1838 ஜூலையில் உருவானது. அது உங்கள் தாளில் இருக்கிறது. ஆகவே அதற்கு முன்னால் இந்தத் தாள் அச்சாகியிருக்க முடியாது. இதில் மாற்றுப் பேச்சு இல்லை. டெக்சாஸ் தனி நாடாக இருந்தது 1836 முதல் 1845 டிசம்பர் வரை. புளோரிடா 1845 மார்ச்சில் மாநிலமானது. இவை இரண்டும் பழைய நிலையில் இருப்பதால் 1845-க்கு முன் என்று சொல்லத் தோன்றும். அது பாதிச் சாட்சிதான். தகட்டைத் திருத்துவது பெரிய வேலை. உலோகத்தைச் சுரண்டி, பின்பக்கமிருந்து தட்டி மேலெழுப்பி, மறுபடி செதுக்க வேண்டும். பள்ளிப் புத்தகத்துக்கு அந்தச் செலவை உடனே செய்வார்கள் என்று நம்ப முடியாது. கையில் இருக்கும் தாள் தீரும் வரை விற்பார்கள். அதனால் 1839-லிருந்து 1845 வரை, தாமதத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

காகிதம் வெள்ளையாக இருப்பது நல்ல அறிகுறி. அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியை அரைத்துச் செய்தது. உங்கள் மாமியாரின் 1890களின் புத்தகம் மரக்கூழ். அதில் இருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும். ஐம்பது வருஷம் இளையது அதிகக் கிழமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

நகலா என்று பார்க்க, நிற ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கையால் தீட்டியது என்றால் எல்லைக்கோட்டை அங்கங்கே தாண்டியிருக்கும், தூரிகையை எடுத்த இடத்தில் நிறம் தேங்கி அடர்ந்திருக்கும். இந்தக் காலத்து நகல் என்றால் எல்லா நிறமும் பொடிப் புள்ளிகளாக உடையும்.

ஏரிக்கரை, உங்கள் யோசனைக்கு என் மனம் ஒப்பவில்லை. இப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் முழு அட்லஸ் கிடைப்பது அருகிவிட்டது. டெக்சாஸ் தாளை எடுத்துவிட்டால் அடுத்த தாள் யாருடையது, எந்த வருஷத்தது என்று சொல்ல ஆள் இருக்காது. இவை ஒன்றுக்கொன்று சாட்சி.

ஏரிக்கரை

அப்படி யோசிக்கவில்லை, வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் சிகாகோவில் இருப்பதால் எனக்கு இந்த ஊர் வரைபட நிறுவனங்களான ராண்ட் மெக்நாலி, ஜார்ஜ் கிராம் காலத்து அட்லஸ்கள்தான் பழக்கம். அவற்றில் எழுத்தெல்லாம் அச்சுக்கோத்தது போல ஒரே அளவாக இருக்கும். மழைக்காகிதம் போட்ட படத்தில் எழுத்து வளைந்து நெளிந்து கையால் எழுதியது மாதிரி இருக்கிறதே, ஏன்?

செப்புத்தகடு

நல்ல கேள்வி. சிகாகோக்காரர்கள் மெழுகு முறையில் வேலை செய்தார்கள். செப்புத் தகட்டின் மேல் மெல்லிய மெழுகுப் படலம். கோட்டை அதில் கீறுவார்கள், ஊர்ப் பெயருக்கு ஈய எழுத்தை அப்படியே மெழுகில் அழுத்துவார்கள். அதன்மேல் மின்சார முறையில் செம்பைப் படியவைத்து அச்சுத் தகடு எடுப்பார்கள். அதனால்தான் அந்த ஒரே அளவு. ராண்ட் மெக்நாலி 1872-இல் ரயில் வழிகாட்டிக்கு இந்த முறையில் வரைபடம் போட்டது. ஆனால் அமெரிக்காவில் இதை முதலில் கொண்டுவந்தவர் சிட்னி மோர்ஸ். 1840களின் தொடக்கத்திலேயே மெழுகு முறையில் ஒரு அட்லஸ் வெளியிட்டார். அவருடைய அப்பா ஜெடிடையா மோர்ஸ் 1784-இல் அமெரிக்காவின் முதல் பூகோளப் பாடப்புத்தகத்தை எழுதியவர். அண்ணன், தந்தி மோர்ஸ்.

மிட்செலின் தகட்டில் ஒவ்வொரு எழுத்தும் உளியால், அதுவும் இடம் வலமாகத் திருப்பிச் செதுக்கியது. நதி வளையும் இடத்தில் பெயரும் வளையும்.

கரும்பலகை

பள்ளி ஆசிரியை நான். செப்புத்தகடு ஐயா சொன்ன கீல் உருண்டையை ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன், திறந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மழைக்காகிதம், உங்கள்மேல் எனக்குப் பொறாமை.

இந்தப் பேச்சில் பெண்கள் யாருமே வரவில்லையே என்று ஒரு பெயரைச் சொல்ல வந்தேன். எல்லன் எலைசா ஃபிட்ஸ். கனடாவில் நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜானில் ஒரு வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். உலக உருண்டையைத் தாங்கும் சட்டத்தைப் புதிதாக அமைத்து 1875-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். பகல் எங்கே முடிகிறது, இரவு எங்கே தொடங்குகிறது, எந்த மாதத்தில் எந்த ஊரில் பகல் நீளம் என்பதை உருண்டையைச் சுற்றி நிற்கும் வளையங்களே காட்டிக்கொடுக்கும். பாஸ்டனில் ஜின் என்ற பதிப்பகம் அதை விற்றது. 1876-இல் பிலடெல்பியாவின் நூற்றாண்டுக் கண்காட்சியில் வைத்தார்கள். அதே வருஷம் அதற்கு ஒரு கையேடும் எழுதினார். அந்தச் சட்டத்தின் மேல் இருக்கும் உருண்டை ஜோஸ்லினுடையது. வகுப்பில் ஒரு குழந்தை கண் விழிக்கும் நொடியைப் பார்த்தவருக்குத்தான் இப்படி ஒரு சட்டம் தோன்றும்.

எம்மா வில்லார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1821-இல் நியூயார்க்கின் டிராயில் பெண்களுக்காக உயர்பள்ளி திறந்தவர். வில்லியம் உட்பிரிட்ஜுடன் சேர்ந்து பூகோளப் புத்தகம் கொண்டுவந்தார். 1828-இல் அமெரிக்க வரலாற்றுக்கென்று ஒரு வரைபடத் தொகுதியும் போட்டார்.

ஒரு சந்தேகம் ஐயா. இந்த உருண்டைகளை எல்லாம் தொடக்கத்தில் லண்டனிலிருந்துதான் வரவழைத்தார்களா?

செப்புத்தகடு

ஆமாம் அம்மா, கல்லூரிகளில் இருந்தவை பெரும்பாலும் லண்டன் சரக்கு. அதை மாற்றியவர் ஜேம்ஸ் வில்சன். எனக்கு இந்த வட்டாரத்தில் மிகவும் பிடித்த மனிதர். நியூ ஹாம்ப்ஷயரில் 1763-இல் பிறந்த விவசாயி. கொல்லர் வேலையும் தெரியும். டார்ட்மத் கல்லூரியில் ஒரு ஜோடி உருண்டையைப் பார்த்தார், ஒன்று பூமி, ஒன்று வானம். அது அவரை விடவில்லை. 1796-இல் வெர்மான்டில் பிராட்ஃபோர்டுக்குக் குடிபோனார். பூகோளமும் வானியலும் கற்க 130 டாலர் கொடுத்துப் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பை வாங்கினார். பதினெட்டுத் தொகுதி. செதுக்கக் கற்க நியூ ஹேவன் வரை நடந்தே போய் அமோஸ் டூலிட்டிலிடம் பாடம் கேட்டார். முதல் பெரிய தகட்டில் தீர்க்கரேகைக் கணக்கு பிசகிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மை, பசை, வார்னிஷ், கடைசல் எல்லாம் அவர் கை. 1810-இல் 13 அங்குல உருண்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் வியாபாரத்துக்கென்று செய்த முதல் உலக உருண்டை அதுதான். பின்னால் பிள்ளைகளோடு ஆல்பனியில் தொழிற்கூடம் வைத்தார். வாழ்ந்தது 1855 வரை.

பிராட்ஃபோர்டுக்கு நான் ஒரு முறை போயிருக்கிறேன். கனெக்டிகட் நதியோரம் சின்ன ஊர். கடலும் தெரியாது, துறைமுகமும் கிடையாது. அங்கே உட்கார்ந்து அவர் உலகத்தின் கரையோரங்களைச் செதுக்கியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு நதிக்கரையில் வெகுநேரம் நின்றேன்.

மழைக்காகிதம்

செப்புத்தகடு ஐயா, கரும்பலகை அக்கா, மிக்க நன்றி. துணியைத் தொடவில்லை. நீங்கள் சொன்னபடி டார்ச்சைத் தாழப் பிடித்தேன். தென் பசிபிக்கில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ‘ஹோல்ப்’ வரை தெளிவாகத் தெரிகிறது, அடுத்தது மங்கல். இரவு பதினொன்றரைக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

அட்லஸில் நிறம் கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஓஹையோவின் பச்சை பக்கத்து மாநிலத்தில் ஒரு சொட்டு விழுந்து கிடக்கிறது. ஆப்பிரிக்கா தாளில் குறுக்கே ‘காங் மலைகள்’ என்று நீளமாக ஒரு மலைத்தொடர் இருக்கிறது. இன்றைய வரைபடத்தில் தேடினேன், அப்படி ஒரு மலையே இல்லை. இது மிட்செலின் தவறா?

இன்னொன்று. மாசசூசெட்ஸ் இருக்கும் தாளில் கரையோரம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சி அரித்ததா? மருந்து வைக்க வேண்டுமா?

செப்புத்தகடு

காங் மலைக்கு மிட்செலைக் குற்றம் சொல்ல முடியாது. 1798-இல் ஜேம்ஸ் ரென்னல் என்ற ஆங்கிலேய வரைபடக்காரர் போட்ட மலை அது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கிட்டத்தட்ட நூறு வருஷம் வரைந்தார்கள். பிரெஞ்சு அதிகாரி லூயி பேன்ஷே 1880களின் கடைசியில் அந்தப் பகுதி முழுக்க நடந்து போய், மலைத்தொடர் எதுவும் இல்லை என்று வந்து சொன்னார். அந்த நூறு வருஷமும் அமெரிக்கப் பிள்ளைகள் அந்த மலையின் பெயரை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள்.

மிட்செலின் பாடப்புத்தகத்தில் மனித சமூகங்களை ஐந்து படியாக அடுக்கி, காட்டுமிராண்டி என்று தொடங்கி, ஒளிபெற்றோர் என்று தங்களை உச்சியில் வைத்திருப்பார்கள். உட்பிரிட்ஜின் அட்லஸிலும் இப்படி ஒரு படம் உண்டு. இல்லாத மலையைத் திருத்த ஒருவர் நடந்து போனால் போதுமானதாக இருந்தது. இந்த ஐந்து படி பிள்ளைகள் மனத்தில் எவ்வளவு காலம் தங்கியது என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், என் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவேன்.

ஓட்டைக்கு வருவோம். மருந்து எதுவும் வேண்டாம். முதலில் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்தது என்றால் ஓட்டை தாறுமாறாக இருக்கும், அடுத்த தாளிலும் அதே இடத்தில் தொடரும். ஓட்டைகள் கரைக்கோட்டை விட்டு விலகாமல் வரிசையாகப் போனால் அது ஊசி. அந்தக் காலத்தில் வரைபடம் வரைவது வகுப்புப் பாடம். தாளுக்கு அடியில் வெள்ளைத்தாளை வைத்துக் கரையோரம் ஊசியால் குத்தி, புள்ளிகளை இணைத்து வரையும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம், ஒரு நாள் ஒழித்துக்கொண்டு உங்கள் ஊரிலேயே இருக்கும் அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டிக்குப் போங்கள். 1812-இல் தொடங்கிய நூலகம். பழைய அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்கள் அங்கே குவிந்திருக்கின்றன. தலைப்புப் பக்கத்தோடு ஒரு மிட்செல் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் தாள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். போக முடியாவிட்டால் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ரம்சி தொகுப்பும், மெய்னில் போர்ட்லாந்தின் ஓஷர் வரைபட நூலகமும் இணையத்தில் இருக்கின்றன. ஓஷரில் உருண்டைகளையே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

மழைக்காகிதம்

ஐயா, ஊசிதான். ஜன்னலில் பிடித்தேன். பாஸ்டனிலிருந்து தெற்கே இறங்கி, கேப் காட் வளைவு முழுக்கச் சுற்றி, வெளிச்சப் புள்ளிகளாகவே கரை தெரிகிறது. வளைவின் நுனியில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, அங்கே கை மெதுவாகப் போயிருக்கிறது. ரோட் ஐலண்டுக்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மணி அடித்துவிட்டதோ என்னவோ.

அடுத்த வியாழக்கிழமை சொசைட்டிக்குப் போகிறேன். தாள்களை எப்படி எடுத்துப் போவது? அமிலம் இல்லாத அட்டை என்று கடையில் கேட்டால் கொடுப்பார்களா?

செப்புத்தகடு

ஆவணக் காப்புப் பொருள் விற்கும் கடையில் அப்படியே கேளுங்கள், கொடுப்பார்கள். அட்லஸைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாக இரண்டு அட்டை வாங்கி, நடுவில் வைத்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்டு, செல்லோடேப் இரண்டும் கூடாது. உருண்டையை வீட்டிலேயே வெயில் படாத இடத்தில், மூடியபடி வைத்துவிட்டுப் போங்கள். போய்வந்து எந்த வருஷம் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.